மாலை போட்டால் மனசு லேசாவது ஏன்? ஆண்களின் மனநலமும் ஆன்மிகத் தேடலும்... ஒரு கையேடு!

கார்த்திகை பிறந்துவிட்டால் உங்கள் தெருவிலும் அந்த மாற்றத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி கடைசி வரை எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதர், கழுத்தில் துளசிமணி மாலை ஏறியதும் விடிவதற்கு முன்பே எழுந்து குளிக்கிறார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றியில் சந்தனம். குடி இல்லை, சிகரெட் இல்லை. சின்னப் பிள்ளைகளைக்கூட 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார். ராத்திரி பஜனையில் கண்ணில் நீர் வழியப் பாடுகிறார், அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. "வருஷம் முழுக்க இந்த மனுஷன் மாலையோடவே இருந்திடக் கூடாதா?" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற பேச்சுதான். ஆனால், அந்த 41 நாளில் அவருக்கு என்ன கிடைக்கிறது, மீதி 324 நாளில் அது ஏன் கிடைப்பதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? ஆண்களின் மனநலம் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஓர் எண்ணைப் பார்த்துவிடலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் 1,22,724 பேர் ஆண்கள். பத்துக்கு ஏழு. தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலித் தொழிலாளர்கள்தான் அதிகம். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்னைக்கு, அடுத்தது நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்விலும், மது உள்ளிட்ட போதைப் பிரச்னைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பெண்களைவிட ஆண்களிடம்தான் பாதிப்பு அதிகமாக இருந்தது. இருந்தும் 'டிப்ரஷன்' என்றதும் நம் மனதில் வரும் படம், ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிற ஒரு பெண்தான்.

ஆண்களிடம் அது வேறு முகத்தோடு வருவதுதான் இதற்கு முக்கியமான காரணம்.

கேஸ் டிரபிள் என்று வரும் துக்கம்

மன அழுத்த நோய் என்றால் சோகம், அழுகை, எதிலும் ஆர்வமின்மை என்று படித்திருப்போம். இவை ஆண்களுக்கும் வரும். ஆனால், பலருக்கு முதலில் வெளியே தெரிவது எரிச்சல். சாம்பாரில் உப்பு குறைந்தால் கத்துவது, சிக்னலில் ஹாரன் அடித்தவனோடு சண்டைக்குப் போவது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது. வாரத்துக்கு ஒருநாள் என்றிருந்த குடி தினமும் ஆவது. ராத்திரி பதினொரு மணி வரை ஆபீஸிலேயே இருப்பது, வீட்டில் இருந்தாலும் செல்போனுக்குள்ளேயே இருப்பது.

இன்னொரு பக்கம் உடம்பு. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஓடுவார்கள். ஈ.சி.ஜி நார்மல், எக்கோ நார்மல். 'கேஸ்' என்று மாத்திரை வாங்கி வருவார்கள். அடுத்த மாதம் கழுத்துவலி, அதற்கடுத்து தூக்கம் இல்லை, தாம்பத்யத்தில் நாட்டமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். மனசு பற்றி எந்த டாக்டரும் கேட்டிருக்க மாட்டார், இவரும் சொல்லியிருக்க மாட்டார். (நெஞ்சுவலி வந்தால் முதலில் இதயத்தைத்தான் பரிசோதிக்க வேண்டும். 'டென்ஷனா இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள்.)

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். உள்ளே நடப்பதற்கு அவரிடம் வேறு வார்த்தை இல்லை. 'ஆம்பளப் புள்ள அழலாமா' என்று ஐந்து வயதில் கேட்டு வளர்ந்தவருக்கு, நாற்பத்தைந்து வயதில் 'எனக்கு பயமா இருக்கு' என்று எப்படிச் சொல்வது என்று தெரியாது.

அந்த 41 நாள் என்ன செய்கிறது?

இப்போது மாலை போட்டவரிடம் திரும்பி வருவோம். நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் அன்றாடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரே நேரத்தில் எழுகிறார். இரண்டு வேளை குளியல், பூஜை, எளிய சாப்பாடு. மது நின்றுவிட்டது. மது என்பது மூளையை மந்தப்படுத்தும் பொருள். குடித்ததும் வருகிற தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்துவிடும், மறுநாள் பதற்றமும் சோர்வும் கூடும். அதை நிறுத்தினாலே பலருக்கு மனநிலை வெகுவாகத் தெளிந்துவிடுகிறது.

அடுத்து, கூட்டம். குருசாமி ஒருவர், கூடப் போகிற பத்துப் பதினைந்து பேர். தினமும் சந்திப்பு. அங்கே மேனேஜரும் ஆட்டோ ஓட்டுபவரும் 'சாமி'தான். சம்பளம், கடன், வேலை போனது எதுவும் அந்தப் பெயருக்குள் வராது. 'சம்பாதிக்கிறவன்' என்ற ஒரே அடையாளத்தில் வாழ்ந்து, அதில் அடி விழும்போது நொறுங்கிப்போகிற ஆண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். சபரிமலையில் 'தத்துவமசி' என்று எழுதியிருப்பதன் பொருளே 'நீ அதுவாக இருக்கிறாய்' என்பதுதான். ஆபீஸில் டார்கெட் முடிக்காதவனுக்கும் அது பொருந்தும்.

தெரபிஸ்ட் அறையிலும் இதையெல்லாம்தான் வேறு பெயர்களில் சொல்வார்கள். மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் முதலில் அன்றாடச் செயல்களை ஒழுங்குபடுத்துவது, ஒரே மாதிரி கஷ்டம் உள்ளவர்கள் குழுவாக உட்காருவது, வெட்கமில்லாமல் அழ ஓர் இடம் அமைத்துத் தருவது. நம் ஊர் ஆண்கள் கவுன்சலிங் என்ற சொல்லைக் கேட்காமலேயே பல தலைமுறையாக இதில் பாதியைச் செய்துவந்திருக்கிறார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், பழனிக்குப் பாதயாத்திரை, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், நாகூர் தர்காவில் ஓர் இரவு... எல்லாவற்றிலும் நடை, துணை, வேண்டுதல் என்ற மூன்றும் இருக்கின்றன. ஆண்கள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுவதைவிட, தோளோடு தோள் நடக்கும்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

விரதத்துக்குள் வராத மீதிப் பாதி ஒன்று இருக்கிறது. அதுதான், மாலையைக் கழற்றிய மறுநாள் ஏன் டாஸ்மாக் வாசலில் நிற்கிறோம் என்ற கேள்வி. விரதம் நடத்தையை மாற்றுகிறது. அந்த நடத்தைக்குப் பின்னால் இருக்கிற பத்து வருட அப்பா-மகன் சண்டையை, சொல்லாமல் வைத்திருக்கும் கடனை அது தொடுவதில்லை.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால்...

இதை ஒவ்வொரு குருசாமியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பல வருடமாக தினமும் அதிகமாகக் குடிப்பவர், மாலை போடுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு நேரம், இடம் குழம்பும், இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும், காய்ச்சல் அடிக்கும்.

'விரதத்துல ஏதோ குறை', 'சாமி வந்திருக்கு' என்று வீட்டில் நினைப்பது இந்த இடத்தில்தான். இது சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். மாலை போடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஒரு டாக்டரைப் பார்த்தால், அளவு குறைத்துக்கொண்டே வரும் மாத்திரைகளும் வைட்டமின் பி1-ம் கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் பத்திரமாக இந்தக் கட்டத்தைத் தாண்ட வைத்துவிடுவார். அதற்காக மாலை போடும் தகுதி குறைந்துவிடாது.

கோயில் வாசலில் ஓர் ஆய்வு

"அப்போ கோயிலுக்குப் போனா சரியாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டின் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த தீவிர மனநோய் உள்ள 31 பேரைப் பரிசோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாத்திரையும் இல்லை, தனிப்பட்ட சடங்கும் இல்லை. காலையில் பூஜை, கோயிலைச் சுத்தம் செய்வது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நாள் போனது. கிளம்பும்போது அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆதரவான, பயமுறுத்தாத சூழல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. இருந்தாலும், மரியாதையோடு நடத்தப்படுவதே பாதி மருந்து என்பதை அது அழுத்தமாகக் காட்டியது.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்து நடத்தப்பட்ட ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இன்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது. பின்னாளில் அதே ஏர்வாடியில், பிரார்த்தனையையும் மருந்தையும் சேர்த்துத் தருகிற 'தவா-துவா' திட்டம் வந்தது. பிரார்த்தனைக்கு வருபவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் அதன் புத்திசாலித்தனம் என்பேன்.

நோயா, தேடலா?

சிலருக்கு மேலே சொன்ன அறிகுறிகள் எதுவும் பெரிதாக இருக்காது. வேலை இருக்கும், ஈ.எம்.ஐ சரியாகப் போகும், பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் 'இதெல்லாம் எதுக்கு?' என்ற கேள்வி விடாது. அப்பா இறந்த பிறகு, நாற்பதைத் தாண்டியபோது, வி.ஆர்.எஸ் வாங்கிய மறுநாள் காலையில் என்று இது வரும் நேரங்கள் உண்டு. இதற்கெல்லாம் மாத்திரை போட வேண்டுமா?

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியோடு இருந்தவர். நாஜி வதைமுகாம்களில் மூன்று வருடம் கழித்தவர். மனைவி, பெற்றோர், சகோதரன் எல்லோரையும் இழந்தவர். 1946-ல் வெளியான அவர் புத்தகம் இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்ற தேவை மனிதனுக்குப் பசி போல அடிப்படையானது, அது கிடைக்காத வெறுமை எல்லா நேரமும் நோய் ஆகிவிடாது என்பது அவர் வாதம். வாரம் முழுக்க வேலையில் ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்ததும் உள்ளே காலியாக உணர்வதை 'ஞாயிறு நரம்புத்தளர்ச்சி' என்றே அவர் குறிப்பிட்டார். ஞாயிறு மதியம் பிரியாணிக்குப் பிறகு வருகிற அந்த இனம் தெரியாத கனத்தை நம்மில் பலருக்குத் தெரியும்.

நம் மரபிலும் இது புதிது இல்லை. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே 'அர்ஜுன விஷாத யோகம்'. ஒரு மாவீரனுக்கு உடல் நடுங்கி, வாய் உலர்ந்து, கையிலிருந்து வில் நழுவுகிறது. அந்தத் துயரத்தையும் ஒரு யோகம் என்றே கணக்கில் வைத்திருக்கிறார்கள். கவனித்தீர்களா, அவன் உடனிருப்பவனிடம் அதைச் சொல்கிறான், இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

நோயையும் தேடலையும் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் கனத்தோ எதிலும் ஆர்வமற்றோ இருக்கிறதா? தூக்கம், பசி, வேலை, உறவு ஆகியவை அடிபடுகின்றனவா? 'நான் ஒரு பாரம்', 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற எண்ணம் வருகிறதா? ஆம் என்றால் தேடல் அப்புறம், முதலில் சிகிச்சை. தூக்கமே இல்லாத மூளையால் வாழ்க்கையின் அர்த்தத்தை நிதானமாக யோசிக்க முடியாது. கேள்வி மட்டும் இருந்து அன்றாடம் ஓடுகிறது என்றால், நல்ல ஆசிரியரோ, புத்தகமோ, சேவையோ, தெரபிஸ்ட்டோ யாராவது துணைக்கு இருந்தால் போதும்.

சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது

1980-களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்தார். தமிழில் 'ஆன்மிகக் குறுக்குவழி' எனலாம். வலிக்கிற பிரச்னையைத் தொடாமல் ஆன்மிகத்தைக் கொண்டு சுற்றிப்போவது. வீட்டில் மனைவியோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை, ஆனால் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் நடக்கும். மகன் கண்முன்னே கெட்டுப்போகிறான், 'எல்லாம் மாயை' என்று யூடியூபில் சொற்பொழிவு ஓடும். குடும்பத்தில் கேட்டால், "அவருக்கு பக்தி ஜாஸ்தி" என்பார்கள்.

பக்தி உங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறதா, வீட்டிலிருந்து தூரமாக்குகிறதா என்று பாருங்கள். கும்பிட்டு முடித்ததும் மனம் லேசாகிறதா, 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்று இன்னும் இறுகுகிறதா என்றும் பாருங்கள். கடவுளைத் துணையாக நினைப்பவர்கள் கஷ்டத்தைத் தாங்குகிறார்கள், தண்டிப்பவராக மட்டும் நினைப்பவர்கள் மேலும் சோர்கிறார்கள் என்பது கென்னத் பர்காமென்ட் போன்றவர்களின் நீண்டகால ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம்.

தியானத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பத்து நாள் மௌனப் பயிற்சி எல்லோருக்கும் ஏற்றதல்ல. மனச்சிதைவு, இருதுருவ மனநிலை போன்ற பாதிப்பு இருந்தவர்களுக்கு நீண்ட தியானம் நிலைமையை மோசமாக்கலாம். விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். 'மூச்சுப்பயிற்சி பண்ணுறீங்கல்ல, மாத்திரை எதுக்கு?' என்று எந்த குருஜி சொன்னாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தெரபி அறைக்குள் என்ன நடக்கும்?

சோபாவில் படுக்க வைத்துக் கடிகாரத்தை ஆட்டுவார்கள் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. நிஜத்தில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி, முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் பேச்சு. முதல் சந்திப்பில் என்ன பிரச்னை, எப்போதிருந்து, தூக்கம், குடி, குடும்பம் என்று கேட்பார்கள். அறிவுரை சொல்வது அவர்கள் வேலை கிடையாது. அறிவுரைக்குத்தான் நம்மிடம் மாமாக்கள் இருக்கிறார்களே! நீங்கள் பேசப் பேச, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுவதைக் காட்டிக்கொடுப்பதுதான் அவர்கள் வேலை. ஒரே நாளில் மாயம் நடக்காது. பல வாரங்கள் ஆகும்.

யாரிடம் போவது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். மனஅழுத்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும் என்பதால், நான்காம் நாளே 'ஒண்ணும் தெரியல' என்று நிறுத்திவிட வேண்டாம். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்ஸ்டாகிராமில் 'லைஃப் கோச்' என்று போட்டிருப்பவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்.

"நான் சாமி கும்பிடுறவன், அதைப் பத்தி இங்க பேசலாமா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேடே 1994-லிருந்து மதம், ஆன்மிகம் சார்ந்த மனப்போராட்டங்களை நோயாகப் பார்க்காமல், கவனிக்க வேண்டிய விஷயமாகத் தனியே குறித்திருக்கிறது. உங்கள் நம்பிக்கையைக் கிண்டல் செய்பவரிடம் தொடர வேண்டிய அவசியம் இல்லை. நாத்திகராக இருந்து, 'கோயிலுக்குப் போங்க' என்று தெரபிஸ்ட் சொன்னாலும் இதேதான். ஒருவர் ஒத்துவரவில்லை என்றால் இன்னொருவரைப் பாருங்கள், முடிவெட்டுகிற கடையையே பிடிக்காவிட்டால் மாற்றுகிறோம்.

செலவு? தனியாரிடம் நகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சகஜம். எல்லோராலும் முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சிகிச்சை கிடைக்கும். 1996-ல் நாட்டிலேயே இத்திட்டம் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. சென்னையில் 1794-லிருந்து இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற சினிமா காமெடியால் அங்கே போகத் தயங்கியவர்கள் எத்தனை பேரோ! ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், 2017 சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

இதைப் படிப்பது நீங்களாக இருந்து, கஷ்டப்படுவது உங்கள் கணவராகவோ அப்பாவாகவோ தம்பியாகவோ இருக்கலாம். "உங்களுக்கு டிப்ரஷன்" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். பார்த்ததைச் சொல்லுங்கள். "ஒரு மாசமா ராத்திரி மூணு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கீங்க. எனக்குக் கவலையா இருக்கு." வண்டியில் போகும்போதோ, காய்கறி வாங்கி நடந்து வரும்போதோ கேளுங்கள். முதல் தடவை 'ஒண்ணுமில்ல' என்பார். விட்டுவிட்டு நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். தூக்கமின்மைக்காக டாக்டரைப் பார்க்கலாம் என்றால் பல ஆண்கள் சம்மதிக்கிறார்கள், அந்த வழியிலேயே போகலாம்.

பேச்சில் 'நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி' என்ற தொனி வந்தால், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உருவாகிவிடாது. பலருக்குச் சொல்லிவிட்டோம் என்ற ஆசுவாசம்தான் வரும். அப்போது அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-லும் ஆலோசனை உண்டு. 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. போன் எடுத்ததும் என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். "கொஞ்ச நாளா தூக்கம் வரலைங்க" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.